எதிர்க்கட்சி பிரைமரியில் யார் ஜெயித்தால் நமக்கு லாபம்? ("எளிதான எதிராளி" கணக்கு)

தராசுமுள்

அமெரிக்கத் தேர்தல் பற்றிப் பேசும் இடங்களில் அடிக்கடி காதில் விழும் வசனம்: "அந்தக் கட்சியில் இன்னார் மட்டும் பிரைமரியில் (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல்) ஜெயிக்கட்டும், நவம்பர் பொதுத்தேர்தலில் நம்ம ஆள் தூங்கிக்கொண்டே ஜெயிப்பார்." சிலர் இதைப் பேச்சோடு விடுவதில்லை, பணத்தையும் இறக்குகிறார்கள். 2012 மிசூரி செனட் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் கிளேர் மெக்காஸ்கில் அப்படிச் செய்தார், 15 சதவீதப் புள்ளிக்கு மேல் ஜெயித்தார். 2024 ஒஹையோவில் ஜனநாயகக் கட்சி சார்ந்த ஒரு குழு, குடியரசுக் கட்சியின் பெர்னி மொரேனோவைப் பிரைமரியில் தூக்கிவிட்டது. நவம்பரில் அதே மொரேனோ ஜனநாயகக் கட்சி செனட்டர் ஷெரட் பிரவுனைத் தோற்கடித்தார்.

ஒரே வித்தை, நேரெதிர் முடிவு. நியாய தர்மத்தைப் பிறகு பார்ப்போம். "இவர் எளிது, அவர் கஷ்டம்" என்று ஒரு பிரச்சாரக் குழு எதை வைத்து எடை போடுகிறது? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

சோளக்காடு

மிசூரியிலிருந்தே தொடங்கலாம். அங்கே எல்லாக் கூறுகளும் ஒன்றாக அமைந்திருந்தன.

மெக்காஸ்கில் நடப்பு செனட்டர். மாநிலமோ குடியரசுக் கட்சிப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது; அந்த ஆண்டு அதிபர் ஓட்டில் அக்கட்சியின் ராம்னி 9 புள்ளிக்கு மேல் முன்னே. அதாவது சராசரியான ஒரு குடியரசுக் கட்சி வேட்பாளர் வந்தாலே அவர் காலி. எதிர்ப்பக்கம் முக்கியமானவர்கள் மூவர்: டாட் அகின், ஜான் புரூனர், சாரா ஸ்டீல்மன். அகினிடம் பணம் குறைவு, ஆனால் தேவாலய வட்டாரங்களில் உறுதியான ஆதரவு. அவர் நாடாளுமன்றத்தில் பல ஆண்டுகள் இருந்தவர், எனவே வில்லங்கமான பேச்சுகள் ஏற்கெனவே பதிவில் கிடந்தன.

மெக்காஸ்கில் குழு சுமார் 17 லட்சம் டாலர் செலவிட்டது. மூன்று பேரைப் பற்றியும் விளம்பரம் வந்தது. அகின் விளம்பரத்தின் சாரம், "இவர் மிகத் தீவிர வலதுசாரி, மிசூரிக்கு ஒத்துவர மாட்டார்". பெயருக்கு அது கண்டனம். பிரைமரிக்கு வரும் வாக்காளர் காதில் சிபாரிசாக விழும். புரூனர், ஸ்டீல்மன் விளம்பரங்களில் அப்படிப்பட்ட இனிப்பு எதுவும் இல்லை, அடி மட்டும்தான்.

ஆகஸ்ட் 7 முடிவு: அகின் 36%, புரூனர் 30%, ஸ்டீல்மன் 29%. இதைப் பிறகு யாராவது விரிவாகச் சொல்லுங்கள்: மிசூரியில் மறுசுற்று கிடையாது. 50% விதி இருந்திருந்தால் அகினும் புரூனரும் மறுபடி மோதியிருப்பார்கள், திட்டமே புஸ்ஸாகியிருக்கலாம்.

வெட்டிப்பேச்சு

அதெல்லாம் சரிங்க. ஆகஸ்ட் 19 அன்னிக்கு அகின் டிவியில, உண்மையான வன்புணர்ச்சின்னா பெண் உடம்பே கர்ப்பத்தைத் தடுத்துடும்ங்கிற மாதிரி அந்தப் பேச்சைப் பேசலைன்னா? அதுக்கு முன்னாடி வந்த சில கருத்துக்கணிப்புல மெக்காஸ்கில் பின்னாடிதான் இருந்தாங்க. அதிர்ஷ்டத்தை எல்லாம் சூத்திரம்னு சொல்லிட்டுத் திரியக் கூடாது.

சோளக்காடு

பாதி ஒப்புக்கொள்கிறேன். அந்தக் குறிப்பிட்ட வாக்கியம் அதிர்ஷ்டம்தான். ஆனால் "இந்த ஆள் எப்போதாவது இப்படிப் பேசுவார்" என்பது கணித்தே எடுத்த முடிவு. தொழில்முறை ஆட்கள் எதிராளியின் சராசரி பலத்தைப் பார்ப்பதோடு நிறுத்துவதில்லை, ஏற்ற இறக்கத்தையும் பார்ப்பார்கள். புரூனர் தொழிலதிபர், பெரிதாகச் சறுக்கவும் மாட்டார், பறக்கவும் மாட்டார். அகின் ஒரு நாள் நன்றாக இருப்பார், மறுநாள் கவிழ்ப்பார். 5 புள்ளி பின்தங்கியிருக்கும் வேட்பாளருக்கு ஏற்ற இறக்கம் அதிகமுள்ள எதிராளிதான் வேண்டும். 5 புள்ளி முன்னே இருப்பவருக்கு அதே எதிராளி தேவையில்லாத தலைவலி. அந்த ஆளின் "எளிமை" அவரிடம் மட்டும் இல்லை; நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதிலும் இருக்கிறது.

இன்னொன்று. அகின் விலகவில்லை. கட்சி மேலிடம் பணத்தை நிறுத்தியது, விலகச் சொன்னது, செப்டம்பர் 25 கடைசிக் கெடுவும் கடந்தது, அவர் நின்றார். பிடிவாதக்காரரா இல்லையா என்பதும் ஒரு தகவல்தான். விலகிவிடக்கூடிய ஆளைத் தூக்கிவிட்டால் அவர் இடத்தில் கட்சி நல்ல ஆளைக் கொண்டுவந்து நிறுத்திவிடும்.

கணக்குப்பிள்ளை

கருத்துக்கணிப்பை வைத்து "யார் எளிது" என்று பார்ப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் மூன்று பிழைகள்.

முதலாவது பெயர் தெரியாமை. ஒருவருக்கு எதிராக 48–40, இன்னொருவருக்கு எதிராக 48–34 என்று வந்தால் இரண்டாமவர் பலவீனமானவர் என்று குதிக்க வேண்டாம். நம் எண் இரண்டிலும் 48தான். மீதி, முடிவு செய்யாதவர்களிடம் கிடக்கிறது. அவர்களைக் கட்சிவாரியாகப் பிரித்துப் பாருங்கள். அதில் பெரும்பாலோர் எதிர்க்கட்சிக்காரர்கள் என்றால் அக்டோபரில் தங்கள் கட்சிக்கே திரும்பிவிடுவார்கள். நம் எண்ணே 48லிருந்து 51 ஆகிறதா என்பதுதான் கேள்வி. எதிராளியின் எண் குறைவதை விட நம் எண் கூடுவதுதான் நம்பத்தக்க சாட்சி.

இரண்டாவது, பிழை வரம்பு. 600 பேர் மாதிரிக்கு ±4 என்று போடுவார்கள். அது ஒருவரின் ஆதரவு சதவீதத்துக்கு. இருவருக்கும் இடையிலான முன்னிலைக்கு அது ஏறக்குறைய இரட்டிப்பு, ±8. இரண்டு தனித்தனிக் கணிப்புகளை எடுத்து "இவர் 3 புள்ளி எளிது" என்பது காற்றில் எழுதுவது.

ஆனால் அதே 600 பேரிடம் இரண்டு மோதலையும் கேட்டால் நிலைமை மேல். அங்கே கணக்கில் வருவது பதிலை மாற்றியவர்கள் மட்டும். 600ல் 40 பேர் மாறுகிறார்கள், 28 பேர் நம் பக்கம், 12 பேர் எதிர்ப்பக்கம் என்று வையுங்கள். வித்தியாசம் 16 பேர். தற்செயலாக வரக்கூடிய அளவு 40ன் வர்க்கமூலத்தைப் போல இரு மடங்கு, அதாவது 12 முதல் 13 பேர். 16 அதைத் தாண்டுகிறது, ஆகவே கவனிக்கத்தக்கது. ஒரே மாதிரி, ஒரே இரவு, கேள்வி வரிசையை ஆளுக்கு ஆள் மாற்றிக் கேட்டால் போதும். பலரும் இதைச் செய்யாமல் இரண்டு செய்தித்தாள் கணிப்புகளை ஒட்டவைத்து வாதாடுகிறார்கள்.

மூன்றாவது, இன்றைய எண்ணைப் பார்ப்பது. பார்க்க வேண்டியது தாக்குதலுக்குப் பிறகான எண். கையில் இருக்கும் குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டி, "இப்போது யாருக்குப் போடுவீர்கள்?" என்று மறுபடி கேட்பார்கள். அதில் எதிராளிக்காக நல்லபடியாகச் சொல்ல வேண்டியதையும் நேர்மையாக வாசிக்க வேண்டும். சொந்தக் குழுவே எழுதும் கேள்வித்தாளில் எதிராளியின் நல்ல பக்கம் சோனியாக இருக்கும். ஏமாறுவது அங்கேதான்.

சட்டப்புள்ளி

தேர்தல் விதி பற்றிக் கேட்டீர்களே. எந்த மாநிலத்தில் எந்த முறை என்று பார்க்காமல் இந்தப் பேச்சே வேண்டாம்.

அதிக ஓட்டு வாங்கியவர் வென்றார் என்ற மாநிலங்களில், மூன்று நான்கு பேர் போட்டியிட்டால் 35% போதும். தூக்கிவிட வேண்டிய தூரம் சின்னது. ஜார்ஜியா, டெக்சஸ், அலபாமா போன்ற தென்மாநிலங்களில் பாதியைத் தாண்டாவிட்டால் மறுசுற்று; ஓரத்து (மிகத் தீவிரமான) ஆள் அங்கே இரண்டு முறை ஜெயிக்க வேண்டும். கலிஃபோர்னியா, வாஷிங்டனில் எல்லாக் கட்சிக்காரர்களும் ஒரே வாக்குச்சீட்டில் நின்று முதல் இருவர் நவம்பருக்குப் போவார்கள். அலாஸ்காவில் 2022 முதல் முதல் நால்வர், அதற்குமேல் தரவரிசை ஓட்டு. அங்கே இந்த வேலை கிட்டத்தட்ட வீண்.

அடுத்தது தேதி. மிசூரியில் ஆகஸ்ட் 7க்கும் நவம்பர் 6க்கும் நடுவே 13 வாரம். 2022ல் நியூ ஹாம்ப்ஷயரில் பிரைமரி செப்டம்பர் 13, பொதுத்தேர்தல் நவம்பர் 8. எட்டே வாரம். அங்கே ஜனநாயகக் கட்சி சார்ந்த சூப்பர் பேக் (வரம்பின்றிப் பணம் திரட்டிச் செலவிடும் வெளிக்குழு), குடியரசுக் கட்சியின் மிதமான போட்டியாளர் சக் மோர்ஸ் மீது பல லட்சம் டாலருக்குத் தாக்குதல் விளம்பரம் போட்டது. தீவிரமான டான் போல்டக் வேட்பாளரானார். கஜானாவை நிரப்பிக்கொண்டு, பிரைமரிப் பேச்சை மென்று விழுங்கி, நடுவுக்கு நகர அவருக்கு நேரமில்லை. ஜனநாயகக் கட்சி செனட்டர் ஹாசன் 53.5–44.4 என்று ஜெயித்தார். பிரைமரி தாமதமாக வரும் மாநிலத்தில் ஓரத்து வேட்பாளருக்கு ஏற்படும் சேதம் ஆறுவதற்குள் ஓட்டுப்பதிவு வந்துவிடும். மார்ச்சில் பிரைமரி என்றால் எட்டு மாதம். எல்லாம் மறந்துபோகும்.

கட்சி மாறி ஓட்டுப்போடுவது பற்றிப் பலர் கனவு காண்கிறார்கள். எந்தக் கட்சிக்காரரும் வாக்களிக்கக்கூடிய திறந்த பிரைமரி மாநிலங்களில் சட்டப்படி முடியும். நடைமுறையில் ஒரு பெரிய கூட்டத்தைத் தங்கள் கட்சி வாக்குச்சீட்டை விட்டுவிட்டு எதிரிக் கட்சிச் சீட்டை எடுக்க வைப்பது மிகக் கடினம், அதிலும் அன்றே தங்கள் பக்கம் முக்கியப் போட்டி இருந்தால். 2008ல் வலதுசாரி வானொலிக்காரர் ரஷ் லிம்பா, ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில் போய் ஓட்டுப்போடுங்கள் என்று "ஆபரேஷன் கேயாஸ்" கூவியதெல்லாம் சத்தம்தான் பெரிது. உண்மையான வழி பணம் போட்டு விளம்பரம் செய்வதுதான்.

ஊர்க்குருவி

விளம்பரத்தை எப்படிக் கட்டுகிறார்கள் என்று யாராவது சொல்லுங்களேன். "தீவிர வலதுசாரி" என்று போட்டால் எல்லோருக்கும் புரிந்துவிடாதா, இது எதிரி போட்ட விளம்பரம் என்று?

அச்சுக்கூடம்

கடைசியில் "இதற்குப் பணம் கொடுத்தது இன்னார்" என்ற வரி சட்டப்படி வரும், ஆனால் அந்தச் சில நொடியைப் படிப்பவர் சிலரே. வேட்பாளரே போட்டால் பெயர் வெளிப்படை. மெக்காஸ்கில் தன் பெயரிலேயே போட்டார். வெளிக்குழு போட்டால் பெயர் பொதுப்படையாக இருக்கும்: ஒஹையோவில் மொரேனோவைத் தூக்கிய குழுவின் பெயர் "டூட்டி அண்ட் கன்ட்ரி". கேட்டால் ராணுவ வீரர் சங்கம் மாதிரி.

வாசகத்துக்கு ஒரே விதி: ஒவ்வொரு வரியும் உண்மையாகவும், பிரைமரி வாக்காளருக்கு இனிப்பாகவும், நவம்பர் வாக்காளருக்குக் கசப்பாகவும் இருக்க வேண்டும். "டிரம்ப் ஆதரவு பெற்றவர்", "கருக்கலைப்புக்கு முழுத் தடை கேட்பவர்" மாதிரி. இரண்டு முறை வேலை செய்யும் வரிகள். 2022 பென்சில்வேனியா ஆளுநர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஷபிரோவின் குழு, குடியரசுக் கட்சியின் டக் மாஸ்ட்ரியானோ பற்றிப் போட்டது இந்த அச்சு. அங்கே மாஸ்ட்ரியானோ ஏற்கெனவே முன்னணியில் இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும், அவர்கள் உருவாக்கிய வெற்றி அல்ல அது.

எதிர்த்திசையும் உண்டு. பிடித்தவரைத் தூக்காமல், பயப்படும் ஆளை மட்டும் அடிப்பது. 2002 கலிஃபோர்னியாவில் ஜனநாயகக் கட்சி ஆளுநர் கிரே டேவிஸ் சுமார் 1 கோடி டாலரைக் குடியரசுக் கட்சியின் ரிச்சர்ட் ரியோர்டன் மீது கொட்டினார், கருக்கலைப்பில் அவர் முன்பின் முரணாகப் பேசியதை எடுத்து. பில் சைமன் வேட்பாளரானார், டேவிஸ் 47–42 என்று தப்பினார். மறு ஆண்டே அக்டோபரில் திரும்ப அழைக்கும் வாக்கெடுப்பில் பதவி போனது, அது தனிக் கதை.

விலை விஷயம்: பிரைமரிக்கு முந்தைய 45 நாளும், பொதுத்தேர்தலுக்கு முந்தைய 60 நாளும் தொலைக்காட்சி நிலையங்கள் வேட்பாளருக்கு மிகக் குறைந்த கட்டணம் கொடுத்தாக வேண்டும். சூப்பர் பேக்குக்கு அந்தச் சலுகை இல்லை. அதே இடத்துக்கு இரண்டு மூன்று மடங்கு கேட்பார்கள். எனவே 20 லட்சம் என்று செய்தியில் படித்தால் யார் வாங்கினார் என்று பாருங்கள். அஞ்சல் இன்னும் சிக்கனம். வாக்காளர் பட்டியலில் யார் எந்தெந்தப் பிரைமரியில் வாக்களித்தார் என்று இருக்கும், யாருக்கு என்று இருக்காது. கடந்த நான்கு பிரைமரியிலும் வந்தவர்களுக்கு மட்டும் அனுப்பினால், நவம்பரில் மட்டும் வருபவர்கள் கண்ணில் படாமலே வேலை முடியும்.

யார் பணம் கொடுத்தார் என்பதை மறைக்கவும் நாட்காட்டி உதவும். பிரைமரிக்கு முந்தைய அறிக்கை, தேர்தலுக்கு 20 நாள் முன்புவரை உள்ள கணக்கோடு முடியும். அதற்குப் பிறகு புதுக் குழு தொடங்கிப் பணம் வாங்கினால், செலவு உடனுக்குடன் தெரியும், கொடுத்தவர் பெயர் ஓட்டு எண்ணிய பிறகுதான்.

கணக்குப்பிள்ளை

இப்போது முக்கியமான கூட்டல் கழித்தல். கற்பனை எண்கள்தான், முறையைக் காட்ட.

எதிராளி 'அ' வந்தால் நாம் ஜெயிக்க வாய்ப்பு 70%. 'ஆ' வந்தால் 50%. இப்போதைக்கு 'அ' வேட்பாளராக 40% வாய்ப்பு. நம் வெற்றி வாய்ப்பு மொத்தம்: 0.4×70 + 0.6×50 = 58%. நாம் 20 லட்சம் டாலர் செலவழித்து 'அ'வை 50%க்குத் தூக்குகிறோம். இப்போது 60%. ஆக லாபம் 2 புள்ளி. எல்லோரும் 70க்கும் 50க்கும் உள்ள 20 புள்ளியைப் பார்த்துக் குதிக்கிறார்கள், கையில் வருவது 2. அதே 20 லட்சத்தை அக்டோபரில் செலவழித்தால் 2 புள்ளிக்கு மேல் வருமா என்று கேளுங்கள். பெரும்பாலான போட்டிகளில் இந்த யோசனை இங்கேயே விழுந்துவிடும்.

அடுத்தது, தோற்றால் என்ன ஆகும். 'அ' பதவிக்கு வந்தால் சேதம் 'ஆ'வை விட எத்தனை மடங்கு? நாம் தோற்கும் வாய்ப்பு 'ஆ'விடம் 50, 'அ'விடம் 30. 50ஐ 30ஆல் வகுத்தால் 1.67. 'அ' பதவியில் இருப்பது 'ஆ'வை விட 1.67 மடங்குக்கு மேல் கெடுதல் என்று நீங்கள் நினைத்தால், வெற்றி வாய்ப்பு கூடினாலும் மொத்தத்தில் நஷ்டம். இந்த விகிதம் நீங்கள் எவ்வளவு தூக்கிவிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்ததே இல்லை. 1 புள்ளி தூக்கினாலும் 30 புள்ளி தூக்கினாலும் அதே 1.67.

வெட்டிப்பேச்சு

அப்போ ஒருத்தரை "ஜனநாயகத்துக்கே ஆபத்து"ன்னு மேடையில சொல்லிட்டு, அவருக்கே விளம்பரம் போடுறவங்க அந்த மடங்கை எவ்வளவுன்னு வச்சிருப்பாங்க? 1.67க்குக் கீழயா?

தராசுமுள்

அதுதான் 2022ல் மிஷிகன் 3வது தொகுதியில் எழுந்த சண்டை. பீட்டர் மெய்ஜர், டிரம்ப் மீதான பதவிநீக்கத் தீர்மானத்துக்கு ஓட்டுப்போட்ட பத்துக் குடியரசுக் கட்சியினரில் ஒருவர். ஜனநாயகக் கட்சியின் காங்கிரஸ் தேர்தல் குழு 4 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்து அவரை எதிர்த்த ஜான் கிப்ஸை விளம்பரப்படுத்தியது. கிப்ஸ் 52–48 என்று ஜெயித்தார். நவம்பரில் ஹிலரி ஷோல்டன் அவரை ஏறக்குறைய 13 புள்ளியில் தோற்கடித்தார். தொகுதி எல்லை மாறி ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமாகியிருந்தது, எனவே கிப்ஸிடம் தோற்கும் வாய்ப்பு சின்னது. கணக்குப்பிள்ளையின் விகிதத்தில் கீழ் எண் சின்னதானால் தாங்கக்கூடிய மடங்கு பெரிதாகும். அந்தக் கணக்கில் நியாயம் சொல்லலாம். ஆனால் பதவிநீக்கத்துக்கு ஓட்டுப்போட்டால் எதிரணியும் சேர்ந்து உன்னைக் கவிழ்க்கும் என்று மற்ற ஒன்பது பேருக்கும் தெரிந்தது. அந்த விலை எந்தக் கட்டத்திலும் எழுதப்படவில்லை.

பழங்கணக்கு

1.67 சூத்திரத்தில் ஒரு ஓட்டை. இரண்டு வாய்ப்புகளும் தனித்தனியாக நகர்வதில்லை. அலை எதிர்த்து அடித்தால் 'அ'விடம் தோற்கும் வாய்ப்பு 30லிருந்து 50, 'ஆ'விடம் 50லிருந்து 65. விகிதம் 1.3க்கு இறங்கிவிடும். பிரைமரி மாதத்தில் போட்ட கணக்கு நவம்பரில் செல்லாது.

1966 கலிஃபோர்னியாவை யாரும் தொடவில்லையே. ஜனநாயகக் கட்சி ஆளுநர் பாட் பிரவுன் தரப்பு, எதிர்ப்பக்கத்தில் சான் பிரான்சிஸ்கோ முன்னாள் மேயர் ஜார்ஜ் கிறிஸ்டோஃபரைத்தான் பலசாலி என்று நினைத்தது. 1940ல் பால் விலைச் சட்டத்தில் அவர் மாட்டிய பழைய வழக்கைத் தோண்டிப் பத்திரிகைக்குக் கொடுத்தார்கள். எதிரே வந்தவர் ஒரு சினிமா நடிகர், அரசியல் அனுபவம் பூஜ்யம். ரொனால்ட் ரீகன். 57.6–42.3 என்று ஜெயித்தார். 1980ல் கார்ட்டர் ஆட்கள் பலரும் அதே ரீகனைப் பார்த்து மறுபடியும் "இவர் வந்தால் எளிது" என்றார்கள்!

2015 ஏப்ரலில் ஹிலரி கிளின்டன் பிரச்சாரக் குழுவின் குறிப்பு ஒன்று, பின்னர் விக்கிலீக்ஸில் வெளியானது. குடியரசுக் கட்சியின் குரூஸ், டிரம்ப், கார்சன் மூவரையும் முக்கிய வேட்பாளர்களாக ஊடகம் நடத்தும்படி பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் பொருள். முடிவு: 2016 தேர்வாளர் குழு ஓட்டில் டிரம்ப் 304, கிளின்டன் 227. இந்த மூன்றிலும் பிழை ஒன்றே. பழைய அளவுகோலில் "தகுதியில்லாதவர்" என்பதை "ஓட்டு வாங்காதவர்" என்று படித்தார்கள். ரீகனும் டிரம்பும் தங்கள் கட்சிக்கு வழக்கமாக வராத ஆட்களைக் கூட்டிவந்தார்கள். சென்ற தேர்தலின் வாக்காளர் மாதிரியை வைத்து எடுத்த கணிப்பில் அவர்கள் தெரிய மாட்டார்கள்.

சோளக்காடு

தீவிரமானவர் வந்தால் சராசரியாக எவ்வளவு நஷ்டம் என்பதற்கு ஒரு நல்ல அளவீடு உண்டு. ஆண்ட்ரூ ஹால் 2015ல் வெளியிட்ட ஆய்வு, 1980–2010 பிரதிநிதிகள் சபைத் தேர்தல்களில் தீவிரமானவர் மயிரிழையில் ஜெயித்த பிரைமரிகளையும் தோற்ற பிரைமரிகளையும் ஒப்பிட்டது. தீவிரமானவர் வந்தால் கட்சியின் பொதுத்தேர்தல் ஓட்டு சுமார் 9 முதல் 13 புள்ளி குறைகிறது. அது 2010 வரையிலான கணக்கு. கட்சிப் பிளவு இறுகிய இன்றைக்கு அதை அப்படியே எடுக்காமல் பாதியாகக் குறைத்துப் பார்ப்பதுதான் என் பழக்கம். 2010 டெலவேர் குடியரசுக் கட்சி செனட் பிரைமரியில் மைக் காசிலைக் கவிழ்த்து வந்த கிறிஸ்டீன் ஓ'டானல் 17 புள்ளியில் தோற்றார். இப்போது அதே மாதிரி ஆள் அவ்வளவு விழமாட்டார்.

ஒஹையோவை இதில் வைத்துப் பாருங்கள். 2024ல் டிரம்ப் அங்கே 11 புள்ளி முன்னிலை. பிரவுன் 3.6 புள்ளியில் தோற்றார், அதாவது தன் கட்சியின் அதிபர் வேட்பாளரை விட 7 புள்ளிக்கு மேல் நன்றாகச் செய்தும் போதவில்லை. மொரேனோ டிரம்ப்பின் ஆதரவு பெற்றவர், பிரைமரியில் 50% தாண்டியவர். 33% வாங்கிய மேட் டோலனை அந்த விளம்பரம்தான் தள்ளியது என்று சொல்ல முடியாது. டோலன் வந்திருந்தாலும் பிரவுன் தோற்றிருப்பார் என்றே நினைக்கிறேன். சுமார் 25 லட்சம் டாலர் எதையும் மாற்றவில்லை.

ஊர்க்குருவி

அப்படியானால் 2022 கொலராடோ? அங்கே திட்டம் தோற்றதே.

சோளக்காடு

தோற்றது, ஒன்றும் ஆகவில்லை. குடியரசுக் கட்சி செனட் பிரைமரியில் தீவிரமான ரான் ஹாங்க்ஸைத் தூக்கப் பல லட்சம் கொட்டினார்கள், மிதமான ஜோ ஓ'டே ஜெயித்தார், "பயங்கர எதிராளி" என்று நடுங்கினார்கள். ஜனநாயகக் கட்சி செனட்டர் பெனட் அவரை 14 புள்ளிக்கு மேல் தோற்கடித்தார். இலினாய் ஆளுநர் தேர்தலில் எளிதான ஆளே வந்தும் பெரிதாக ஒன்றும் மாறவில்லை: கோடீஸ்வரர் கென் கிரிஃபின் 5 கோடி டாலர் கொடுத்த ரிச்சர்ட் இர்வின் குடியரசுக் கட்சிப் பிரைமரியில் மூன்றாமிடம், தீவிரமான டேரன் பெய்லி வந்தார், ஜனநாயகக் கட்சி ஆளுநர் பிரிட்ஸ்கர் 12 புள்ளியில் ஜெயித்தார். இர்வின் வந்திருந்தால் கொஞ்சம் நெருங்கியிருக்கும், அவ்வளவே. உதவும் இடம் மிகக் குறுகல்: மாநிலச் சாய்வு எதிராக 3லிருந்து 10 புள்ளி, பிரைமரி தாமதம், மறுசுற்று இல்லை, மூன்று பேராவது போட்டி. ஒஹையோவில் சாய்வு 11, பிரைமரி மார்ச். இரண்டும் வெளியே.

சட்டப்புள்ளி

கலிஃபோர்னியாவின் 2024 செனட் பிரைமரியை இதே பட்டியலில் போடாதீர்கள், அது வேறு விலங்கு. முதல் இருவர் முறை. ஜனநாயகக் கட்சியின் ஆடம் ஷிஃப்புக்கு நவம்பரில் எதிரே சக கட்சி கேட்டி போர்ட்டர் வரக் கூடாது. குடியரசுக் கட்சியின் ஸ்டீவ் கார்வியைக் "கடும் பழமைவாதி" என்று விளம்பரப்படுத்தி இரண்டாமிடத்துக்கு இழுத்தார். ஷிஃப் 31.6, கார்வி 31.5, போர்ட்டர் 15.3. நவம்பரில் ஷிஃப் 59–41. போர்ட்டர் பதிலுக்கு எரிக் எர்லி என்ற இன்னொரு குடியரசுக் கட்சிக்காரரைத் தூக்கிக் கார்வியின் ஓட்டைப் பிரிக்கப் பார்த்தார், பணமும் போதவில்லை, பெயரும் போதவில்லை. அந்த மாநிலத்தில் எந்தக் குடியரசுக் கட்சிக்காரரிடமும் தோற்கும் வாய்ப்பு பூஜ்யத்துக்கு அருகில். அதனால் கணக்குப்பிள்ளையின் விகிதம் வானத்துக்குப் போகும்.

வெட்டிப்பேச்சு

சரி, கடைசியா ஒண்ணு. எளிதான ஆளுக்குப் பதிலா, எதிர்க்கட்சியில நல்ல ஆளைத் தூக்கிவிட்ட கதை உண்டா?

பழங்கணக்கு

2014 மிசிசிப்பி. குடியரசுக் கட்சி முதல் சுற்றில் கிறிஸ் மெக்டேனியல் 49.5, நடப்பு செனட்டர் தாட் காக்ரன் 49.0. மறுசுற்றுக்கு முன் காக்ரன் தரப்பு கறுப்பின ஜனநாயகக் கட்சி வாக்காளர்களிடம் வெளிப்படையாக ஓட்டுக் கேட்டது. முதல் சுற்றில் ஜனநாயகக் கட்சிச் சீட்டில் வாக்களித்தவர் மறுசுற்றில் கட்சி மாறக் கூடாது, ஆனால் முதல் சுற்றுக்கே வராதவர் வரலாம். வந்தார்கள், காக்ரன் 51–49. நவம்பரில் யார் நின்றாலும் குடியரசுக் கட்சிதான் என்று தெரிந்த மாநிலம், எனவே அவர்கள் பலவீனமான எதிராளியைத் தேடவில்லை, யார் செனட்டர் என்பதைத் தேர்ந்தெடுத்தார்கள். மெக்டேனியல் வழக்குப் போட்டார், மாநில உச்ச நீதிமன்றம் தாமதமாக வந்தீர்கள் என்று தள்ளிவிட்டது.